ஒப்பீட்டுக்கு ஒரு துளி

பகலில் எதுவும் பிடிபடாது.
கீழே தேனி ரோட்டில் ஜல்லி லாரி போனால்
திரையில் செல்கள் எல்லாம் ஒருசேரத் தலையாட்டும்.
அதிர்வு தாங்கும் மேசைக்குக் கேட்ட பணம் வரவில்லை.
காளவாசலில் நாலு டியூப் வாங்கி, பாதிக் காற்றடித்து,
அதன்மேல் கருங்கல் பலகை, பலகைமேல் லேசர்.
"எந்த வண்டிக்கு சார்?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.
வெளிச்சத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

அதனால் இரவு.
நாகமலை தன் நீளத்தை இருட்டுக்குள் இழுத்துக்கொண்ட பிறகு
நானும், முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் வருஷமாக
உசிலம்பட்டியிலிருந்து வந்துபோகும் ஒச்சம்மாளும்.

சிலிகான் ரப்பரில் நாங்கள் வார்த்த சந்து
ஐந்து மைக்ரான் அகலம்.
வர வேண்டியவர் எட்டு மைக்ரான்.
சிவப்பணு தன்னைத் தானே மடித்து,
நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்தவளாகப்
புகுந்து, மறுபக்கம் போய், பழைய வட்டமாகும்.
அந்த நேரத்தை எண்ணுவதுதான் என் உத்தியோகம்.

அங்கே தண்ணீருக்குச் சுழி தெரியாது, நுரை தெரியாது.
யானைக்கல் பாலத்துத் தூணில் மோதித் திரும்பும்
ஐப்பசி வெள்ளத்தின் கோபம் ஒரு சொட்டும் கிடையாது.
அந்த அளவில் தண்ணீர் அதிரசப் பாகு.
தள்ளினால் நகரும். கையை எடுத்தால்
எடுத்த இடத்தில் நிற்கும்.
வந்த வேகம் என்று மிச்சம் எதுவும் இராது.

ஒளி பிடிக்கும் என்பதை முதலில் நானும் நம்பவில்லை.
கண்ணுக்குத் தெரியாத கற்றை, எடை கிடையாது,
செல்லின் இரு பக்கமும் இழுத்து, விட்டு,
எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்கும்,
விளக்குத்தூண் பக்கம் எலாஸ்டிக்கை
இழுத்துப் பார்த்து முழம் போடச் சொல்கிறவளைப் போல.

பெரியாஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் குழாய்களுக்குப்
பெயர் கிடையாது.
பதினேழு: சந்தின் வாயிலேயே நிற்கும்.
முப்பத்தொன்று: நுழையும், நடுவில் யோசிக்கும்.
சர்க்கரை ஊறிய தோல், மடிய மாட்டேன் என்கிறது.
இவர்களுக்கு எதிரே, வரைபடத்தில் கறுப்புக் கோடாக,
ஒப்பீட்டுக்கு ஒரு துளி வேண்டும்.
அது என் மோதிர விரல்.
இரண்டு கட்டுரைகளில்
'ஆரோக்கியமான ஆண், வயது முப்பத்தொன்பது' நான்தான்.

மாசியில் ஒரு செவ்வாய்,
திரையை விட்டுக் கண் எடுக்காமல்
"சார், குழாய் மாறிடுச்சு" என்றாள் ஒச்சம்மாள்.
மாறவில்லை. லேபிளில் என் கையெழுத்து.
மறுபடி குத்தினோம், இந்த முறை அவள் விரலிலும்.
அவளுடையவை போயின,
சந்து ஒன்று இருப்பதே தெரியாதது போல.
என்னுடையவை வாசலில்,
ஒன்றின் முதுகில் ஒன்று.
லேசர் இழுத்தது. கேட்ட கடனைப்
பாதி எண்ணி வைப்பவன் போலக் கொஞ்சம் கொடுத்தன.

அவள் எதுவும் சொல்லவில்லை. பம்பை நிறுத்தினாள்.
நிறுத்திய கணத்தில் அத்தனையும் நின்றன.
"கறுப்புக் கோட்டுக்கு இனி என்ன பெயர் போடறது?" என்றேன்.
நோட்டைப் புரட்டினாள்.
"அடுத்த நம்பர் நாப்பத்திரண்டு, சார்."

நாலரைக்கு விலக்கில் டீக்கடை திறந்திருந்தது.
மாஸ்டர் கேட்காமலே எனக்கு மூன்று கரண்டி.
ஆற்றும்போது பார்த்தேன்,
ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்து, சுழன்று, நுரைத்து,
இந்த அளவிருந்தால்தான் அது முடியும்.
குடித்தேனா என்று ஒச்சம்மாள் பார்க்கவில்லை,
பார்க்காதிருக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

செக்கானூரணியிலிருந்து முதல் பஸ்.
காளவாசலில் ஒரு நாய் குறுக்கே வர
டிரைவர் பிரேக்கை மிதித்தார்.
கீரைக் கட்டுகள், கூடைகள், கம்பியைப் பிடிக்காத நான்,
எல்லாரும் ஒருசேர முன்னால் சாய்ந்தோம்,
பஸ் நின்ற பிறகும்.